வாஷிங்டன்: ஊர் தந்த குடும்பப் பெயர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வாஷிங்டன் என்றதும் அமெரிக்கத் தலைநகரமும் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரும் நம் நினைவில் எழுவது இயல்பு. ஆனால் இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் பகுதியில் இருந்த வாஷிங்டன் என்ற சிற்றூரே அந்தக் குடும்பப் பெயரின் தாய்நிலம். பழைய ஆங்கிலத்தில் 'டன்' என்னும் ஈறு முதலில் வேலியடைத்த நிலத்தையும், பின்னர் அங்கே எழுந்த குடியிருப்பையும் குறித்தது; வாஸ்ஸா என்பவரோடு தொடர்புடைய பண்ணை என்று ஊர்ப்பெயருக்குப் பொதுவாகப் பொருள் கூறுவர்.

ஹார்ட்பர்ன் என்ற ஊரை உடைமையாகக் கொண்டு, அவ்வூராலேயே அறியப்பட்ட வில்லியம் என்பவர், அதை டர்ஹாம் ஆயரிடம் (கிறித்தவ பிஷப்) ஒப்படைத்துவிட்டு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றார் என்ற செய்தி, ஆயரின் நிலங்களை 1183இல் கணக்கெடுத்த போல்டன் ஏட்டில் இருக்கிறது. நிலம் மாறியதும் அவர் பெயரும் மாறி, வாஷிங்டனின் பழைய வடிவமான 'வெஸ்ஸிங்டன்' ஆயிற்று. குடும்பப் பெயர்களின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் சான்று இது. பெயர் அன்று குருதியோடு அல்ல, மண்ணோடுதான் ஒட்டியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

ஊர்ப்பெயர் தாங்கியோர் எல்லாரும் நிலவுடைமையாளர் அல்லர். சொந்த ஊரில் அனைவரும் அவ்வூரார் என்பதால் அங்கே அந்த அடையாளம் பயன்படாது. பிழைப்புக்காக வேற்றூர் சென்றவரைத்தான் அவ்வூர் மக்கள் 'இன்ன ஊரிலிருந்து வந்தவர்' என்று சுட்டினர். ஆகவே இத்தகைய பெயர் பெரும்பாலும் இடப்பெயர்ச்சியின் தடம்.

வெஸ்ஸிங்டன் குடும்பத்தின் ஒரு கிளை லங்காஷயருக்குச் சென்றது. அக்கிளையில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன், மன்னர் எட்டாம் ஹென்றியால் மடாலயங்கள் கலைக்கப்பட்டபின் 1539இல் நார்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அவர் வழிவந்த ஜான், 1650களில் வர்ஜீனியாவில் குடியேறினார். ஜார்ஜ் வாஷிங்டன் இந்த ஜானின் கொள்ளுப்பேரன்.

ஜார்ஜுக்குப் பிள்ளைகள் இல்லை. எனினும் 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,63,000 பேர் இப்பெயரைக் கொண்டிருந்தனர்; அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபோது, விடுதலை பெற்றோரில் சிலர் தமக்குள் முன்பே வழங்கிவந்த குடும்பப் பெயரை வெளிப்படையாக அறிவித்தனர். சிலர் புதிதாக ஒன்றைத் தேர்ந்தனர். ஆண்டையின் பெயர்தான் அடிமைக்கு ஒட்டியது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

அடிமையாகப் பிறந்து, பிற்காலத்தில் கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கெகி கல்வி நிலையத்தை வளர்த்தெடுத்த புக்கர், பள்ளியில் சேர்ந்த நாளில் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனித்தார். ஆசிரியர் முழுப்பெயரைக் கேட்டபோது, புக்கர் வாஷிங்டன் என்று அமைதியாகச் சொன்னார். தாம் பிறந்தபோது தாய் டாலியஃபெரோ என்றும் பெயரிட்டிருந்ததைப் பின்னர் அறிந்து, அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார்.