ஏழு ஆண்டு என்னும் கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலாண்ட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, 1939-இல் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ படத்தின் மெலனி. யாரையும் கடிந்து பேசாத, பிறர் பிழையைப் பொறுத்துக்கொண்டே போகிற பெண். அந்தச் சாந்தமான முகத்துக்குப் பின்னால் எத்தனை உறுதி இருந்தது என்பதைச் சொல்லவே, இன்று அவருடைய நடிப்பைவிட அவர் தொடுத்த வழக்கைப் பற்றி மிகுதியாகப் பேச விரும்புகிறேன்.

மெலனி வேடமே அவருக்கு எளிதில் கிட்டியதன்று. வேறொரு தயாரிப்பாளரின் படத்துக்குத் தம்மிடமிருந்த நடிகையை அனுப்ப, அவர் ஒப்பந்தத்தில் இருந்த வார்னர் திரைப்பட நிறுவனத்தின் தலைவர் ஜாக் வார்னர் மறுத்தபோது, ஒலிவியா ஜாக்கின் மனைவி ஆன் வார்னரைச் சந்தித்துப் பேசி, அவர் வழியாக அந்த அனுமதியைப் பெற்றார். அப்போது ஒலிவியாவுக்கு வயது இருபத்திரண்டு.

நடிகர்களை ஒரே நிறுவனத்தோடு பிணைத்த அக்கால ஹாலிவுட்டின் ஏழாண்டு ஒப்பந்தத்தில் ஒரு பொறி இருந்தது. நிறுவனம் கொடுக்கும் வேடம் பிடிக்கவில்லை என்று நடிகை மறுத்தால், சம்பளமின்றி நிறுத்திவைப்பார்கள். அப்படி நிறுத்திவைத்த காலத்தை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். மறுக்க மறுக்க விடுதலை தள்ளிப்போகும். 1936-இல் நடிகை பெட்டி டேவிஸ் இங்கிலாந்துக்குச் சென்று இதே வார்னர் நிறுவனத்தை எதிர்த்து நின்றார். லண்டன் நீதிமன்றத்தில் தோற்று, திரும்பிவந்து அதே நிறுவனத்தில் நடித்தார். அவரைப் போன்ற வீராங்கனைக்கே அந்த நிலை என்றால், மற்றவர்கள் துணியாததில் வியப்பில்லை.

1943-இல் ஒலிவியாவின் ஏழாண்டு முடிந்தது. நிறுத்திவைத்த ஏறத்தாழ ஆறு மாதம் இன்னும் பாக்கி என்றது வார்னர் நிறுவனம். அவருடைய வழக்கறிஞர் மார்ட்டின் காங், கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவை எடுத்துக்காட்டினார்: எவரையும் ஏழாண்டுக்கு மேல் பணி ஒப்பந்தத்தால் கட்டிவைக்கக் கூடாது. ஏழாண்டு என்பது வேலை செய்த நாள்களின் கூட்டுத்தொகையா, நாள்காட்டியில் கழிந்த ஆண்டுகளா என்பதே கேள்வி. நாள்காட்டிதான் என்று 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளியைக் காக்கவே எழுந்த அந்த உரிமையை, அவரே கையெழுத்திட்டாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அது சொன்னதை நான் தீர்ப்பின் உயிர்நாடியாகக் கருதுகிறேன். 1945-இல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்க மறுத்ததோடு அது உறுதியாயிற்று.

இதற்குள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவரால் எந்த ஸ்டுடியோவிலும் நடிக்க முடியவில்லை. அவரை அமர்த்தலாகாது என்று வார்னர் பிற நிறுவனங்களுக்கெல்லாம் எழுதியிருந்தார். புகழின் உச்சியில் இருக்கும் நடிகைக்கு இரண்டு ஆண்டு என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாள்களில் அவர் அலாஸ்காப் பக்கத்துத் தீவுகளிலும் தென் பசிபிக்கிலும் இருந்த படை மருத்துவமனைகளுக்குச் சென்று, காயமுற்ற வீரர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பிவந்து நடித்த ‘டு ஈச் ஹிஸ் ஓன்’, பின்னர் 1949-இல் வந்த ‘தி ஏரஸ்’ என இரண்டு படங்களுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். இவை இரண்டும் வழக்கில் வென்றபின் அவரே தேர்ந்தெடுத்த வேடங்கள். போர்முனைக்குச் சென்று திரும்பிய நடிகர்களுக்கும் அந்தத் தீர்ப்பு பயன்பட்டது: படையில் கழித்த ஆண்டுகளை அவர்களுடைய ஒப்பந்தத்தில் கூட்டி எழுத இனி எந்த நிறுவனத்தாலும் இயலவில்லை.