பவளத்திட்டும் சூரை மீனும்: மாலத்தீவில் எங்கள் ஒரு நாள்

வணக்கம் நேயர்களே. மாலே நகரத்துக்குத் தெற்கே, விசைப்படகில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய மாஃபுஷி தீவிலிருந்து பேசுகிறேன். நானும் என் கணவரும் இன்று கடலுக்குள் பார்த்தவற்றையும் கரையில் சாப்பிட்டவற்றையும் இந்தக் காணொளியில் சொல்கிறேன். மாலத்தீவு என்றாலே தண்ணீர் மேல் நிற்கும் மர வீடுகளும் தனித்தீவு ரிசார்ட்டுகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்று 2009ஆம் ஆண்டில் வழி திறந்ததால்தான், எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தினரும் இங்கே தங்கி, தீவு மக்கள் சாப்பிடுவதையே சாப்பிட முடிகிறது. இங்கே மது கிடையாது. பயணிகளுக்கென்று ஒதுக்கிய கடற்கரையைத் தவிர மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும். எங்களுக்கு அது ஒரு சிரமமாகவே தெரியவில்லை.

முதலில் காலை உணவைப் பாருங்கள். இதன் பெயர் மாஸ் ஹுனி. நாங்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் சமைக்கும் அக்கா, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கையாலேயே நன்றாகப் பிசைகிறார். வெங்காயம் துவண்டு நீர் விட்ட பிறகுதான் புகையூட்டிய சூரை மீனை உதிர்த்துச் சேர்க்கிறார். தேங்காய்த் துருவல் கடைசியாகத்தான் விழுகிறது. அடுப்பே தேவைப்படாத இந்தக் கலவையை, ரோஷி என்னும் மெல்லிய ரொட்டியில் அள்ளி வைத்துச் சாப்பிடுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் அரைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த மணம் புதிதாக இருக்காது, ஏனென்றால் இரண்டுக்கும் அடிப்படை அதே சூரைதான். தூத்துக்குடியிலிருந்து தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலேக்கு வருவது இன்று நேற்றுத் தொடங்கிய வணிகம் அல்ல.

சாப்பிட்ட பிறகு படகு ஏறினோம். தெற்கே வாவு அடோல் வரை போய், வழியில் சில இடங்களில் கடலில் இறங்குவது இன்றைய திட்டம். அடோல் என்பது வட்டமாக அமைந்த பவளத்திட்டு. நடுவில் ஆழம் குறைந்த கடலும், விளிம்பில் சின்னச் சின்னத் தீவுகளும் இருக்கும்.

கடலில் இறங்குவதற்கு முன் முகக் கண்ணாடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்கெலிங் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் பொருந்தாத கண்ணாடிதான் காரணம். பட்டையை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுவே உங்கள் அளவு. ஓரத்தில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும். என் கணவருக்கு அடர்ந்த மீசை இருப்பதால், மீசையின் மேல் சிறிது வாஸலின் தடவிக்கொண்டு கண்ணாடியை மாட்டினார், கசிவு நின்றுவிட்டது. நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டையை நாங்கள் கழற்றவில்லை. அடோல்களுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் நீரோட்டம் சட்டென்று வலுக்கும்; ஆகவே கணவனும் மனைவியும் கைக்கெட்டும் தூரத்திலேயே மிதப்பது நல்லது. ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் அவ்வப்போது தலையைத் தூக்கிப் படகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நீங்கள் பார்ப்பது முதலில் இறங்கிய இடம். கீழே மேய்ந்துகொண்டிருப்பது அழுங்காமை. பருந்தின் அலகு போல வளைந்த அந்த வாயைப் பாருங்கள். பவளங்களின் இடுக்கில் வளரும் கடற்பஞ்சுகளைப் பிய்த்துத் தின்பதற்கு அந்த வளைவுதான் உதவுகிறது. நாங்கள் மேலிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது தின்று முடித்து, முன்துடுப்புகளை அகல விரித்து மெதுவாக மேலே வந்து, தலையை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கீழே போனது. ஆமை மேலே வரும் வழியை யாரும் மறிக்கக் கூடாது, ஏனென்றால் அதுவும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர். ஒவ்வோர் ஆமைக்கும் முகத்திலுள்ள செதில்களின் அமைப்பு தனித்தனியாக இருப்பதால், பக்கவாட்டில் எடுத்த புகைப்படங்களை வைத்தே அவற்றை அடையாளம் கண்டு பதிவு செய்யும் பணியை ஆலிவ் ரிட்லி ப்ராஜெக்ட் என்ற அமைப்பு இந்த நாட்டில் செய்துவருகிறது.

அடுத்த காட்சியில் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். கடக் கடக் என்று கேட்கும் அந்தச் சத்தம் கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடிக்கும் சத்தம். பாறையின் மேல் படிந்த பாசியைத் தின்பதற்காக அவை பாறையையும் சேர்த்துக் கடித்து, தொண்டையிலுள்ள பற்களால் அரைத்து, செரிக்காத சுண்ணாம்பை வெண்மணலாக வெளியேற்றுகின்றன. நாம் காலை வைத்து நடக்கும் இந்தத் தீவுகளின் மணலில் பெரும்பங்கு இப்படி மீனின் வயிற்றைக் கடந்து வந்தது. கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாகச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள ஒரு நாட்டுக்கு, மண்ணைத் தருவதே பவளமும் கிளிமீனும்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

பவளத்தின் நிலையை மறைக்காமல் காட்ட விரும்புகிறேன். இதோ, சாம்பல் நிறத்தில் உடைந்த கிளைகளாகக் குவிந்து கிடப்பது இறந்த பவளம். கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாகி, அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால், பவள உயிர்கள் தமக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகின்றன. சூடு தணியாவிட்டால் அப்படியே பட்டினியில் இறந்துவிடுகின்றன. மாலத்தீவில் 1998ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் இது பெரிய அளவில் நடந்தது. ஆனால் அதே குவியலின் மேல் உள்ளங்கையகல மேசைப் பவளங்கள் ஊதா விளிம்போடு புதிதாக வளர்ந்து நிற்பதையும் பாருங்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இதன் மேல் ஒரு துடுப்பு பட்டால் போதும், ஆண்டுக்கணக்கான வளர்ச்சி ஒடிந்துவிடும்.

அதன்பின் கேயோதூ தீவருகே பாதி மூழ்கி நிற்கும் கப்பலைச் சுற்றி நீந்தினோம். அதன் முன்பகுதி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் தூரத்திலிருந்தே தெரிகிறது. நர்ஸ் சுறாக்கள் கூடும் இடத்திலும் படகு நின்றது. சுறா பிடிப்பதை மாலத்தீவு 2010ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டதால் இவை அச்சமின்றித் திரிகின்றன, மனிதர்களைத் தேடி வந்து கடிப்பவையும் அல்ல. ஆனால் சில படகுகளில் மீன் துண்டுகளை வீசி அவற்றைக் கூட்டம் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரவில் இரை தேடும் உயிரை நம் புகைப்படத்துக்காகப் பகலில் கையேந்த வைப்பது சரியல்ல என்று நினைக்கிறேன்; நாங்கள் அங்கே இறங்கவில்லை.

மதிய உணவு ஃபுலிதூ தீவில். கருதியா என்னும் இந்தத் தெளிந்த சாற்றில் மசாலா எதுவும் கிடையாது. சூரைத் துண்டுகளை உப்பு நீரில் வேகவைத்து, மேலே பொங்கும் நுரையை விடாமல் வழித்தெடுத்தால் சாறு இப்படிக் கண்ணாடி போல நிற்கும். சோற்றின் மேல் அதை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, பச்சை வெங்காயத்தையும் மிளகாயையும் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். உப்புக் கடலில் மணிக்கணக்கில் ஊறிவிட்டு வந்த உடலுக்கு இதைவிட இதமான சாப்பாட்டை நான் அறியேன். இதே சாற்றை நெடுநேரம் சுண்டக் காய்ச்சினால் கரும்பழுப்பு நிறக் குழம்பாகிவிடும், அதுதான் ரிஹாகுரு. ஒரு சிறு கரண்டி போதும், ஒரு தட்டுச் சோறு இறங்கிவிடும்.

காலையிலும் மதியத்திலும் ஒரே மீன்தானா என்று உங்களில் சிலர் கேட்கலாம். இந்த நாள் முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான். மாலத்தீவு மக்கள் பன்னெடுங்காலமாக விரும்பிச் சாப்பிட்டது ஆழ்கடலில் திரியும் சூரையைத்தானே தவிர, பவளத்திட்டின் மீன்களை அல்ல. சூரையையும் வலை போட்டு வாரிக்கொண்டு வருவதில்லை. சிறு மீன்களை உயிரோடு கடலில் வீசிக் கூட்டத்தை மேலே வரவழைத்து, தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். தூண்டில்முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால் மீன் தளத்தில் விழுந்ததும் தானே கழன்றுகொள்கிறது. இந்த மீன்பிடிப்புக்கு 2012ஆம் ஆண்டில், கடல்வளம் குன்றாமல் மீன் பிடிக்கிறார்கள் என்ற பன்னாட்டுச் சான்றிதழும் கிடைத்தது. இரைக்கான அந்தச் சிறு மீன்கள் பவளத்திட்டுகளை ஒட்டிய கடலில் பிடிபடுபவை. எனவே திட்டு அழிந்தால் சூரையும் கைக்கு வராது. சுற்றுலா வளர்ந்த பிறகுதான் களவாவும் மற்றப் பாறை மீன்களும் இங்குள்ள தட்டுகளில் அதிகமாக ஏறத் தொடங்கின, அதாவது விருந்தாளிகளாகிய நம் விருப்பத்துக்காக.

மாலையில் மாஃபுஷிக்குத் திரும்பி, தேநீரோடு ஹெதிகா என்னும் சிறு பலகாரங்களைச் சாப்பிட்டோம். நம் ஊர்ச் சமோசாவுக்கு உறவான பஜியா, உருண்டையாகப் பொரித்த குல்ஹா, காரமான மீன் கேக்கான குல்ஹி போகிபா எல்லாவற்றுக்குள்ளும் சூரையும் தேங்காயும்தான். குல்ஹாவின் மேல்தோல் மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே இஞ்சியும் மிளகாயும் சுள்ளென்று ஏறும். என் கணவர் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு தட்டு வாங்கி வந்தார்.

இரவில் கடற்கரையில் பனிக்கட்டி மேல் மீன்களை அடுக்கி, எது வேண்டுமோ அதைச் சுட்டுத் தருகிறார்கள். அதில் களவாவும் மற்றப் பாறை மீன்களும் இருந்தன. நாங்கள் சூரையையே கேட்டு வாங்கினோம்; மிளகாயும் எலுமிச்சையும் தடவிச் சுட்டுக் கொடுத்தார்கள், மிக நன்றாக இருந்தது. நீங்கள் வரும்போதும் இப்படிக் கேட்டு வாங்குங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். படகுப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன்னும், பவளத்தின் மேல் நங்கூரம் போடுவார்களா அல்லது மிதவையில் கட்டுவார்களா, சுறாக்களுக்குத் தீனி போடுவார்களா என்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் படகுக்காரர்களும் மாறுவார்கள்.

நாளை பிற்பகல், தோணிகள் மீனோடு கரை சேரும் நேரத்தில் மாலே மீன் சந்தைக்குப் போகிறோம். அங்கே சூரையை அறுக்கும் வேகத்தை அடுத்த காணொளியில் காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.