1911 டிசம்பர்: ஊரறிந்ததும் ஊரறியாததும்

[திரையில்: உலக வரைபடம். ஸ்டாக்ஹோம், டெல்லி, தென் துருவம் – மூன்று புள்ளிகள்]

1911 டிசம்பர் 10, 12, 14. ஒரே வாரத்துக்குள் மூன்று சம்பவங்கள். மூன்றிலும் பெரியது எதுவோ, அது அந்த ஆண்டு முடியும்வரை வெளியுலகுக்குத் தெரியவே இல்லை.

10ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் மேரி கியூரி வேதியியல் நோபலைப் பெற்றார். 1903இல் இயற்பியலுக்கும் பெற்றிருந்ததால், இரண்டு நோபல் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அப்போது அவரது சொந்த வாழ்க்கையைப் பாரிஸ் பத்திரிகைகள் கிழித்துக்கொண்டிருந்தன. "வராமல் இருப்பது நல்லது" என்ற பொருளில் விஞ்ஞானி அர்ரீனியஸ் கடிதமே போட்டார். கியூரி கேட்கவில்லை, போனார்.

[திரையில்: தர்பார் மைதானம்]

12ஆம் தேதி டெல்லி தர்பார். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இரண்டு அறிவிப்புகள் செய்தார்: தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும்; 1905இன் வங்கப் பிரிவினை ரத்து. அந்த நிமிடம்வரை மிகச் சிலருக்கே தெரிந்த ரகசியம் இது. மூன்று நாளில் அங்கேயே அடிக்கல்லும் நட்டார்கள். அவசரம்தான், அந்த இடம் சரிப்படாமல் பிறகு ரைசினா குன்றுக்கு மாற்றினார்கள். புதுடெல்லி திறக்க 1931 ஆகிவிட்டது.

[திரையில்: பனிவெளி, நாய்கள் பூட்டிய சறுக்குவண்டி]

14ஆம் தேதி, தென் துருவம். நார்வே நாட்டுப் பயணி அமுண்ட்சென்னும் நான்கு பேரும் தங்கள் நாட்டுக் கொடியை நட்டார்கள். முதல் முயற்சி செப்டம்பரிலேயே நடந்தது. பருவத்துக்கு முன்பே கிளம்பிவிட்டதால் மைனஸ் 56 டிகிரிவரை குளிர், திசைகாட்டிக்குள் இருந்த திரவமே உறைந்தது; திரும்பிவிட்டார்கள். அக்டோபரில் 5 பேர், 4 வண்டி, 52 நாய்கள் என்று மறுபடி கிளம்பினார்கள். வழியில் பலவற்றைக் கொன்று, மனிதரும் மற்ற நாய்களும் தின்பது முன்பே போட்ட கணக்கு. திரும்பி வந்தவை 11. கேட்கக் கொடூரம், ஆனால் சுமை குறையக் குறைய இழுக்கும் நாயும் குறைவாகப் போதும் என்பதே அதன் தர்க்கம்.

உணவுக் கிடங்குகளில்தான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். பனிமூட்டத்தில் ஒற்றைக் கொடி கண்ணில் படாது. அதனால் 80 டிகிரி தென் அட்சரேகையில் இருந்த கிடங்குக்கு இருபுறமும், பாதைக்குக் குறுக்காக, சுமார் 900 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் பத்துக் கறுப்புக் கொடிகள். ஒவ்வொன்றிலும் எண். வழி தவறி வந்தாலும், எண்ணைப் பார்த்தால் கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியும். மண்ணெண்ணெய்த் தகரங்களையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடினார்கள். இவர்களுக்குப் பின்னால் துருவத்துக்கு வந்த பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் தகரங்களில் தோல் வளையம் போட்ட மூடிகள்; குளிரில் அவை சரியாக அடைக்காமல் எண்ணெய் ஆவியாகிப் போனது.

அங்கே தந்தி இல்லை. கப்பல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்தைத் தொட்டு, 1912 மார்ச் 7 அன்றுதான் செய்தி கிளம்பியது.

[திரையில்: கல்கத்தா, டிசம்பர் 27]

மாதக் கடைசியில் காங்கிரஸ் மாநாட்டில் 'ஜன கண மன' முதன்முதலாகப் பாடப்பட்டது. அன்றே மன்னரை வரவேற்று ஒரு இந்திப் பாட்டும் பாடினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் குழப்பி, தாகூரின் பாட்டே மன்னருக்கானது என்று எழுதின. 1937இல் தாகூரே கடிதம் எழுதி மறுத்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை.