பைக்கை ஓட்டியது யார்?

நடுவர் அவர்களே, என் அணியினரே, இன்னும் பத்து நிமிடத்தில் என் அணிக்கு வரப்போகிற எதிரணியினரே, வணக்கம். புகழுரைகளை எனக்கு முன் பேசியவர்கள் மொத்தமாகத் தீர்த்துவிட்டார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு இது: இத்தாலியப் படங்களின் பழைய இசையை, மெட்டைக் கற்பனையில் விரித்து வாசிக்கிற ஜாஸ்காரர்களும், நாலைந்து பேராக வாசிக்கிற சேம்பர் குழுக்களும் மாற்றி வாசிப்பது அதற்கு அழகு சேர்க்கிறதா, இருக்கிற அழகையும் கெடுக்கிறதா? நான் 'சேர்க்கிறது' அணி. தலைப்பை ஒருமுறை சொல்லியாயிற்று, இனி அதை அதிகம் தொந்தரவு செய்யமாட்டேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார். "பாட்டி விடியற்காலையில் எழுந்து குனிந்து குனிந்து போட்ட கோலத்தின் மேல், பேரன் எட்டு மணிக்கு எழுந்து பைக்கை ஏற்றுகிறான். நீனோ ரோட்டா போட்ட மெட்டின் மேல் ஜாஸ்காரன் சாக்ஸஃபோனை ஏற்றுவதும் அதுதான்" என்றார். அரங்கமே கைதட்டியது. ஏன் மறைக்க வேண்டும், நானும் தட்டினேன். அண்ணே, அந்த பைக்கை அப்படியே ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி வையுங்கள். திரும்பி வருகிறேன்.

அதற்குள் ரோம் நகரத்தில் ஒரு டிராம் பார்த்துவிட்டு வருவோம். இது இயக்குநர் ஃபெல்லினி தானே சொன்ன கதை. அவர் இன்னும் பெரிய ஆள் ஆகாத காலம். லக்ஸ் என்ற படக் கம்பெனிக்கு வெளியே ஒரு சின்ன மனிதர் டிராமுக்கு நிற்கிறார். ஆனால் அவர் நிற்கிற இடம் ஸ்டாப்பிங்கே இல்லை. முகத்தில் அதைப் பற்றிய கவலை துளியும் இல்லை. ஃபெல்லினிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டார். டிராம் அதோ அங்கேதான் நிற்கும், இந்த மனிதரையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான் என்று தயாராக இருந்தார். டிராம் வந்தது. நின்றது. எங்கே நின்றது? அந்த மனிதருக்கு நேரே!

நடுவர் அவர்களே, ஸ்டாப்பிங்கில் நின்றாலே நமக்கு பஸ் நிற்பதில்லை. முப்பது அடி தள்ளிப் போய் நிற்கும், நாம் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். இந்த மனிதர் ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் நின்றார், டிராம் அவரைத் தேடி வந்தது. இன்னொரு தடவை சொல்லட்டுமா? கடைசி வரிசையில் இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக. ஸ்டாப்பிங் இல்லை. நின்றார். டிராம் வந்தது!

அந்த மனிதர்தான் நீனோ ரோட்டா. 1952 முதல் 1979இல் அவர் கண்மூடும் வரை ஃபெல்லினி படங்களுக்கு இசை அவர்தான். எதிரணி என்ன கேட்கிறது? "ரோட்டாவின் இசைக்கு ஸ்டாப்பிங் திரையரங்கம், நியூயார்க் ஜாஸ்காரன் வீட்டு வாசலில் அதற்கு என்ன வேலை?" அண்ணே, எங்கே நிற்க வேண்டும் என்று அவரே கவலைப்பட்டதில்லை. நீங்கள் ஏன் இப்படி மெனக்கெடுகிறீர்கள்?

ரோட்டா போய் இரண்டே வருடம். 1981இல் ஹால் வில்னர் என்ற இருபத்தைந்து வயதுப் பையன் ஜாஸ்காரர்களை வைத்து அவருக்கு அஞ்சலியாக ஓர் இசைத்தட்டு போட்டான். ஃபெல்லினியின் 'அமர்கார்ட்' படத்தின் இசையை ஜாக்கி பையர்ட் தனி ஆளாகப் பியானோவில் வாசித்தார். 'ரோமா'வை ஸ்டீவ் லேசி ஒற்றை சாக்ஸஃபோனில் வாசித்தார். மூச்சு வாங்குகிற இடம்கூட அதில் இசைதான். "சர்க்கஸ் பேண்டு இல்லாமல் ஃபெல்லினியா?" என்று எதிரணித் தங்கை கேட்டார். ரோட்டாவே 1973இல் கிளாரினெட், செல்லோ, பியானோ மூன்றுக்கு மட்டும் ஒரு ட்ரியோ எழுதியவர், தங்கச்சி. மூன்று பேர் வாசிப்பது அவருக்குப் பஞ்சமாகத் தெரியவில்லை.

சரி, இப்போது பைக்.

அண்ணன் கோலத்தைப் பார்த்திருக்கிறார், போடுகிறவர்களைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். என் அம்மா பதினைந்து புள்ளி வைப்பார், ஊடுபுள்ளி எட்டு வரை. அதே பதினைந்து புள்ளியை எதிர்வீட்டு அக்காவும் வைப்பார். அம்மாவுக்கு அதில் தாமரை வரும், அக்காவுக்குச் சிக்குக் கோலம் வரும். புள்ளி ஒன்று, இழை வேறு. "என் புள்ளியை எடுத்துவிட்டாய்" என்று அம்மா ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. வேறு காரணங்களுக்குப் போயிருக்கிறார், அது வேறு விஷயம்.

மெட்டு என்பது அந்தப் புள்ளிதான். எனியோ மோரிக்கோனே என்ற இன்னொரு இத்தாலிய சினிமா இசையமைப்பாளர் புள்ளி வைத்தார். என்ரிகோ பியரனுன்ஸி என்ற ரோம்காரர், மோரிக்கோனேயின் படப்பதிவுகளில் பியானோ வாசித்தவர், அந்த வீட்டு அடுப்படியை உள்ளே நின்று பார்த்தவர். அவர் பேஸ், டிரம்ஸ் இரண்டை மட்டும் சேர்த்துக்கொண்டு 2001இல் அதே புள்ளிகளுக்கு வேறு இழை இழுத்தார். எந்தப் புள்ளியை விட்டார் என்று எதிரணி காட்டட்டும், நான் இறங்கிவிடுகிறேன்.

அப்புறம் அந்த வாசலுக்கே வருவோம். நேற்றுப் போட்ட கோலத்தை இன்று காலையில் அழிப்பது யார்? பேரனா? பாட்டிதான்! சாணித் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் ஒரே இழுப்பு. இது உவமைக்காகச் சொல்வதல்ல, ரோட்டாவே செய்த காரியம். 1958இல் 'ஃபோர்ச்சுனெல்லா' என்ற வேடிக்கைப் படத்துக்கு ஒரு மெட்டு போட்டார். துள்ளித் துள்ளி, பேண்டு வாத்தியம் மாதிரி நடக்கும். பதினான்கு வருடம் கழித்து அதே மெட்டை மெதுவாக்கினார், சோகமாக்கினார், 'காட்ஃபாதர்' படத்தில் காதல் இசையாக வைத்தார். உலகமே அழுதது. ஆஸ்கர்காரர்கள் முதலில் பட்டியலில் பெயர் போட்டார்கள், பிறகு "இது பழைய கோலம்" என்று சொல்லி அடித்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் அந்த மெட்டு இருந்தது. இந்தத் தடவை ஆஸ்கரைக் கையில் கொடுத்தார்கள்!

இப்போது சொல்லுங்கள் அண்ணே, கோலத்தின் மேல் பைக்கை ஓட்டியது யார்? பேரன் இல்லை. பாட்டியேதான் ஓட்டியிருக்கிறார்!

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கெட்ட பைக்கும் உண்டு. ஹோட்டல் வரவேற்பறையில் 'சினிமா பாரடைஸோ' மெட்டைச் சர்க்கரைப் பாகில் முக்கிப் போடுவார்கள், காபி கசந்துபோகும். ஜான் ஸோர்ன் என்ற நியூயார்க் சாக்ஸஃபோன்காரர் 1986இல் மோரிக்கோனேயை வைத்துப் போட்ட இசைத்தட்டில் கத்தலும் கிறீச்சிடலும் இருக்கும். எனக்கே பாதிதான் பிடிக்கும். ஆனால் புள்ளி வைத்த மோரிக்கோனே அதைக் கேட்டுவிட்டுப் பாராட்டினார். அவருக்கு வராத கோபம் எதிரணிக்கு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

அதே 'சினிமா பாரடைஸோ' 1988இல் வந்த படம். அதன் காதல் மெட்டு மோரிக்கோனேயின் மகன் ஆந்த்ரேயா போட்டது. அதை சார்லி ஹேடன் பேஸிலும் பாட் மெத்தேனி கிட்டாரிலும், இரண்டே பேராக 1997இல் வாசித்தார்கள். ஒரு மழை நாளில் வீட்டில் அதைப் போட்டிருந்தேன். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் கையை நிறுத்தினார். "மாப்பிள்ளை, கல்யாணம் முடிஞ்சு பந்தல் பிரிக்கிற மாதிரி இருக்கே, யாரு இது?" என்றார். அவர் அந்தப் படம் பார்த்ததில்லை. இத்தாலி எந்தத் திசை என்றும் தெரியாது. படத்தில் திரையரங்கத்தை இடித்துத் தள்ளும் காட்சி இருக்கிறது என்று நான் சொல்லவும் இல்லை. இரண்டு கம்பி வாத்தியம் அவருக்குச் சொல்லியிருக்கிறது.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஐயா, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஃபெல்லினியின் 'லா ஸ்ட்ராடா', 1954. இசை ரோட்டா. ஜெல்சொமினா என்ற ஏழைப் பெண்ணைப் பத்தாயிரம் லிராவுக்கு ஒரு முரட்டு வித்தைக்காரனிடம் அவள் அம்மா விற்றுவிடுகிறாள். சர்க்கஸில் ஒருவன் குட்டி வயலினில் ஒரு மெட்டு வாசிக்கிறான். அவள் அதை டிரம்பெட்டில் பழகிக்கொள்கிறாள். ஒரு குளிர்நாளில், தூங்குகிறவளின் பக்கத்தில் அந்த டிரம்பெட்டை வைத்துவிட்டு முரடன் போய்விடுகிறான். சில வருடம் கழித்து ஏதோ ஒரு ஊரில் நடந்துபோகிறான். துணி காயப்போடுகிற ஒரு பெண் அதே மெட்டை முனகுகிறாள். எங்கே கற்றாய் என்று கேட்கிறான். இங்கே ஒரு பெண் இருந்தாள், டிரம்பெட்டில் இதைத்தான் வாசிப்பாள், செத்துப்போய்விட்டாள் என்கிறாள். ஈரத் துணிக்கு நடுவே சேதி வருகிறது, ஐயா. அதைக் கேட்டவன் அன்றிரவு கடற்கரை மணலில் விழுந்து அழுகிறான்.

ஜெல்சொமினாவாக நடித்தவர் ஜூலியெத்தா மசீனா, ஃபெல்லினியின் மனைவி. 1993 அக்டோபர் 31, அவர்கள் கல்யாணம் ஆகி ஐம்பது வருடம் முடிந்த மறுநாள், ஃபெல்லினி போய்விட்டார். இறுதிச் சடங்கில் ரோட்டாவின் இசையை டிரம்பெட்டில் வாசிக்கச் சொன்னார் அந்த அம்மா. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அவரும் போனார். தனக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அதே டிரம்பெட் கலைஞர் வந்தார். வாசித்தது 'லா ஸ்ட்ராடா' மெட்டு.

அடியுங்கள் ஐயா, மணியை. நான் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.