களரிக்கு வேலி இல்லை

கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரே, ஆசிரியர்களே, நாடகமும் அரங்கும் படிக்க வந்திருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

கலையை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் அடிக்கடி பேசுகிறோம். மட்டக்களப்பில் நின்று அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கூத்து மக்களிடம்தானே இருந்தது? ஊர் நடுவே கூத்தாடுகிற வட்டக் களரி, சுற்றிவரப் பாய் விரித்துச் சனம். ஆடுகிறவர்களுக்குச் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்தின் பாட்டேடு, கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்காகப் பழக்கம் நடக்கும். ஆடாதவர்களுக்கும் பாத்திரங்கள் களரிக்குள் வரும்போது பாடுகிற வரவுப் பாட்டு மனப்பாடமாகிவிடும். அரங்கேற்றிய பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். களரிவரை நடந்து வர ஏலாத கிழவியின் முற்றத்துக்கு அருச்சுனனே வந்து ஆடிவிட்டுப் போவான். இதைவிட எளிதாக ஒரு கலை யாருக்குக் கிட்டும்?

கிட்டாமல் போனது படித்தவர்களுக்குத்தான். பாமரர் ஆட்டம் என்று அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அந்த எண்ணத்தை உடைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1960களில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று அடுத்தடுத்து மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடுவதைச் சுருக்கினார்; அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து ஆட்டம் பழக்கச் செய்தார். 1965இல் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வளர்த்தார். கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். இந்த வழி வந்ததால்தான் கூத்தாடியின் மகள் கூத்தைப் படித்துப் பட்டம் வாங்குகிறாள். எனக்கு இது பெரிய விடயம்.

ஆனால் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். வட்டம் போய் ஒருபக்கம் பார்க்கிற மேடை வந்தது. களரியைச் சுற்றி நின்று கூடப் பாடிய சனம், இருட்டில் கதிரையில் வாய் மூடி இருக்கப் பழகிக்கொண்டது.

2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கரும் அந்த ஊர் மக்களும் செய்த கூத்து மீளுருவாக்கம் என் மனதுக்கு நெருக்கமானது இதனால்தான். அங்கே கூத்தை ஊரிலிருந்து பெயர்த்து எடுக்கவில்லை. பல்கலைக்கழகம் ஊருக்குள் போய் உட்கார்ந்தது. கூத்துப் பாட்டில் பெண்ணைத் தாழ்த்துகிற வரிகளையும் சாதியைத் தூக்கிப் பிடிக்கிற வரிகளையும் ஆடுகிறவர்களே பேசி, வாதாடி, மாற்றி எழுதினார்கள். களரி மட்டும் வட்டமாகவே இருந்தது.

பிள்ளைகளே, களஆய்வு என்று போய் ஒலிப்பதிவு செய்து திரும்பிவிடாதீர்கள். அண்ணாவியார் பாடியதை எழுதி எடுத்தால் ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். அவரிடம் சான்றிதழ் கேட்காமல் வகுப்பில் இருத்தி, விரிவுரையாளருக்குக் கொடுக்கிற மரியாதையையும் சம்பளத்தையும் கொடுக்கிற ஏற்பாடு நிறுவகங்களில் நிலையாக வர வேண்டும். ஊர்ச்சனம் நம் மண்டபத்துக்கு வராததற்கு ஆர்வக் குறைவைக் காரணம் சொல்கிறோம். ஆட்டம் முடிகிற நேரத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களுக்குப் பஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்று இரவு ஆட்டம் மண்டபத்தில் இல்லை, வெளியே முற்றத்தில். சுற்றிவரப் பாய் போட்டிருக்கிறோம். வழியில் யாரையாவது கண்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள். மத்தளம் எட்டு மணிக்குத் தொடங்கும்.