குட்டி பத்மினி எப்படி முதலாளி ஆனாங்க? | திருவந்திபுரம் படிக்கட்டுல இருந்து ஒரு பேச்சு

சத்தம் கேக்குதா? நாதஸ்வரம் ரொம்ப வருதா? என்ன பண்றது, கடலூர் பக்கத்துல திருவந்திபுரம் பெருமாள் கோயில்ல இன்னிக்கு முகூர்த்தம். நாலு படிக்கு ஒரு மாப்பிள்ளை நிக்கிறாரு. எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம் முடிஞ்சிருச்சு, பந்திக்கு இன்னும் இலை போடல. அந்த நேரத்துல பேசிடலாம்னு ஔஷதகிரி மலைப் படியில ஓரமா உக்காந்துட்டேன். மாலையோட யாராவது குறுக்க வந்தா கண்டுக்காதீங்க.

காலையில ஒரு சங்கதி. சொந்தத்துல ஒரு அக்கா, அவங்க பொண்ணுக்கு ஆறு வயசு. பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, இதே படியில அதை ஏழு தடவ ஏறி இறங்க வச்சு ரீல்ஸ் எடுத்தாங்க. ஏதோ கடைக்கு விளம்பரமாம். ஏழாவது தடவ அது "பசிக்குதும்மா"ன்னு உக்காந்துருச்சு. பக்கத்துல எங்க ஆயா, "அப்படியே குட்டி பத்மினி கணக்கா முழிக்குது பாரு"ன்னாங்க. அக்கா, "யாரு ஆயா அது?"ன்னு கேட்டாங்க. ஆயாவுக்கு வந்துச்சே கோவம்!

அதான் இன்னிக்கு வீடியோ.

1956-ல பொறந்த நடிகை குட்டி பத்மினி. சினிமாவுல பெரிய பத்மினி ஏற்கனவே இருந்ததால இவங்க 'குட்டி'. இன்னிக்கு எழுபதைத் தொட்டாச்சு, குட்டி மட்டும் போகவே இல்ல. பள்ளிக்கூடம் போற வயசுக்கு முன்னாடியே கேமரா முன்னாடி நின்னாச்சு. ஆனா ஊரே கொண்டாடினது 1965-ல வந்த 'குழந்தையும் தெய்வமும்'. ஏவிஎம் படம், கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷன், அப்பா ஜெய்சங்கர், அம்மா ஜமுனா. பிரிஞ்சு போன அவங்க ரெண்டு பேரையும் சேத்து வைக்கிற ரெட்டைப் புள்ளைங்க, ரெண்டுமே இவங்கதான். ஒம்போது வயசு!

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அந்தக் காலத்துல ரெட்டை வேஷம்னா லென்ஸ்ல பாதியை மறைச்சு ஒரு பக்கம் எடுப்பாங்க. அப்புறம் பிலிமைப் பின்னாடி சுத்தி, எடுத்த பாதியை மறைச்சுட்டு மறு பக்கம் எடுப்பாங்க. கேமரா ஒரு நூல் நகரக் கூடாது. நடிக்கிறவங்க எதுத்தாப்புல ஆளே இல்லாம, வெறும் இடத்தைப் பாத்துப் பேசணும். எவ்ளோ நேரம் பேசணும், எங்க நிறுத்தணும்னு செகண்ட் கணக்கு மண்டையில ஓடிக்கிட்டே இருக்கணும். நான் போன மாசம் போன்ல இதை முயற்சி பண்ணேன். நாப்பது நிமிஷம் போச்சு. கடைசியில பாத்தா ரெண்டு 'நானும்' வேற வேற திசையைப் பாத்துக்கிட்டு இருக்கோம், சண்டை போட்ட பங்காளி மாதிரி.

சரி, வளந்தாச்சு. குழந்தை நட்சத்திரத்துக்கு வர்ற பெரிய கண்டமே அதானே. ஆடியன்ஸ் மனசுல நம்ம வயசு நின்னுடும், ஒடம்பு நிக்காது. பெரியவங்க ஆன அப்புறமும் இவங்க நடிச்சாங்க, ஆனா ரெட்டைப் புள்ளைக்கு இருந்த கூட்டம் அதுக்கு வரல. அப்பதான் டிவி வருது. வைஷ்ணவி ஃபிலிம்ஸ் எண்டர்பிரைசஸ்னு ஒரு கம்பெனி, இவங்க அதுக்குத் தலைமை. 2000 வாக்குல சன் டிவியில 'கிருஷ்ணதாசி' வந்துச்சே, ஞாபகம் இருக்கா? இந்திரா சௌந்தர்ராஜன் நாவல், அதுல ஜெமினி கணேசன் நடிச்சாரு. அதைத் தயாரிச்சவங்க இவங்கதான்.

சீரியல் தயாரிப்பாளர்னா, காசு போட்டு ஷூட்டிங் நடத்துறவர்னுதான் நானும் நெனச்சிருந்தேன். அப்போ தனியார் சேனல்ல பெரும்பாலும் எப்படின்னா, தயாரிப்பாளரே சேனலுக்குக் கட்டணம் கட்டி அந்த அரை மணி நேரத்தை எடுக்கணும். அதுக்குள்ள இத்தனை நிமிஷம் விளம்பரம் போட்டுக்கலாம்னு கொடுப்பாங்க. அதைப் பத்துப் பத்து செகண்டா வெட்டி, சோப்புக் கம்பெனி, மசாலாக் கம்பெனின்னு ஏறி இறங்கி வித்தாத்தான் போட்ட காசு வரும். ஹீரோயின் அழறது வீட்டுக்காரங்களுக்கு. அழுது முடிச்சதும் வர்ற பத்து செகண்டுதான் கம்பெனிக்குச் சோறு. ஒம்போது வயசுலயே வெறும் இடத்தைப் பாத்து செகண்ட் எண்ணின பொண்ணுக்கு இந்தக் கணக்கு புதுசா என்ன? இது என் யோசனை, அவங்க சொன்னது இல்ல. நடிப்பை எல்லாரும் புகழுறாங்க, நான் இந்த விக்கிற வேலைக்குத்தான் கை தட்டுவேன்.

இன்னொண்ணு, இந்தக் கோயில்ல உக்காந்துக்கிட்டு இதைச் சொல்லாம இருக்க முடியல. 'திருமால் பெருமை' படத்துல சின்ன ஆண்டாளா வந்தது இவங்கதான். ஆண்டாள் அழகர்கோயில் பெருமாளுக்கு நூறு தடா, அதாவது நூறு பெரிய பானை வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசில், நம்ம சக்கரைப் பொங்கல் மாதிரி, தர்றேன்னு பாட்டுல வேண்டிக்கிட்டா. அதை நெஜமா செஞ்சு முடிச்சவர் ராமானுஜர், அதனால ஆண்டாள் அவரை 'அண்ணா'ன்னு கூப்பிட்டதா சொல்லுவாங்க. 2015-ல கலைஞர் டிவியில கருணாநிதி எழுதின 'ராமானுஜர்' சீரியல் வந்துச்சுல்ல? தயாரிப்பு குட்டி பத்மினி! சின்ன ஆண்டாள் வளந்து அண்ணனுக்கு சீரியல் எடுத்துட்டா. ராமானுஜர் பாக்கப் போயி, உயிரோட பாக்க முடியாமப் போன வைணவ குரு ஆளவந்தார் நம்ம காட்டுமன்னார்கோயில்காரர். அப்போ கடலூர் ஜில்லாவுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, விட்டுத் தர மாட்டோம்.

நானும் சைல்டு ஆர்ட்டிஸ்ட்தாங்க. கடலூர் சில்வர் பீச்சுல ஒரு ஷூட்டிங், அலையில ஓடுற பசங்கள்ல மூணாவது பையன் நான். சம்பளம் ஒரு பிஸ்கட் பாக்கெட், அதுவும் நமுத்துப் போனது.

இப்போ அப்படிப் பண்ண முடியாது. 2017-ல ஒன்றிய அரசு விதியே போட்டிருக்கு. சினிமா, டிவி, விளம்பரத்துல நடிக்கிற புள்ளைங்களை ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. மூணு மணி நேரத்துக்கு மேல ஓய்வு இல்லாம நிக்க வைக்கக் கூடாது. சம்பாதிக்கிறதுல குறைஞ்சது 20 சதவீதம் புள்ள பேர்ல தேசியமயமாக்கப்பட்ட பேங்க்ல டெபாசிட் போடணும். அம்மாவே போன்ல எடுக்குற ரீல்ஸை யாரு வந்து செக் பண்ணப் போறாங்க, அது வேற கதை.

இதை அந்த அக்காகிட்ட சொன்னேன். "கடையில காசா குடுத்தாங்க? ஒரு பாவாடைதான்டா"ன்னாங்க. அப்போ 20 சதவீதம் பாவாடையை எந்த பேங்க்ல போடுறது?

இருங்க, ஆயா கை காட்டுறாங்க. இலை போட்டாச்சு போல. அந்தப் பொண்ணு எனக்கு முன்னாடியே ஓடுது பாருங்க, பாவாடையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு. ஏய், மெதுவா! படி, படி!