விழித்திரையைச் சுட்டுப் பார்வையைக் காப்பாற்ற முடியுமா?

உங்கள் விழித்திரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை லேசரால் சுட்டு, அதன் ஒரு பகுதியை வேண்டுமென்றே அழித்தால்தான் பார்வை தப்பும் என்று கண் மருத்துவர் கூறினால், எழுந்து ஓடிவிடத்தான் தோன்றும். ஓடாதீர்கள், அவர் கூறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாமல் நீடித்தால், விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிதைந்து அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத பகுதி, வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தைச் சுரந்து புதிய குழாய்களை வரவழைக்கிறது. உதவிக்கு வரும் இந்தக் குழாய்களோ வலுவற்றவை. விழித்திரையின் மேற்பரப்பில் தாறுமாறாகப் படர்ந்து, கசிந்து, திடீரென உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தை நிரப்பிவிடுகின்றன. இவற்றுடன் வளரும் நார்த்திசு சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுப்பதும் உண்டு. இத்தனைக்கும் தொடக்கத்தில் வலியோ மங்கலோ இருக்காது என்பதால், சர்க்கரை நோயுள்ள நேயர்கள் கண்பாவையை விரியச் செய்து பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி லேசருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். விழித்திரையில் ஆக்சிஜனை அதிகம் விழுங்குபவை ஒளியை உணரும் செல்களே. அதிலும் வெளிச்சத்தைவிட இருட்டில்தான் அவற்றின் செலவு கூடுகிறது, ஆகவே நாம் உறங்கினாலும் அவற்றுக்கு ஓய்வில்லை. மழை பொய்த்த ஆண்டில், கிணற்று நீர் முழு வயலுக்கும் போதாது என்று தெரிந்த விவசாயி ஓரத்துப் பயிரைக் கைவிட்டு நடுவயலுக்குப் பாய்ச்சுவதைப் போல, மருத்துவர் விளிம்பிலுள்ள செல்களைச் சுட்டழித்து மையப் பார்வையைக் காக்கிறார். ஆக்சிஜன் தேவை குறைகிறது, புரதச் சுரப்பு தணிகிறது, புதிய குழாய்கள் வாடுகின்றன. கடுமையான பார்வை இழப்பை இம்முறை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கிறது என்பதை 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு நிறுவியது. பக்கவாட்டுப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குறையலாம்; அது இதற்குரிய விலை.

அந்தப் புரதத்தையே மடக்கும் வழியும் உண்டு. குடல் புற்றுநோய்க்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் என்னும் மருந்தை, மறு ஆண்டே மருத்துவர்கள் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்திப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. கண்ணுக்குள் ஊசியா என்று முகம் சுளிக்க வேண்டாம், மரத்துப்போகச் செய்த பிறகே போடுவார்கள். ஆனால் இந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். இடையில் வராமல் நின்றுவிட்டால் குழாய்கள் மீண்டும் முளைக்கக்கூடும். அதனால்தான், தொடர்ந்து வர இயலாத நோயாளி என்று தெரிந்தால், பல மருத்துவர்கள் இன்றும் லேசரையே தேர்ந்தெடுக்கிறார்கள்.